சுருளரின் கடைசி வரி

எடைமேடை இராமலிங்கம் கதை எழுதுகிறவர் என்று சொன்னால் அரியலூரில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர், "அதான் ஆளு ஒரு மாதிரியா இருக்காரு" என்பார்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் லாரியை மேடையில் நிறுத்தச் சொல்லி, முள் நிற்கிற இடத்தைப் பார்த்து, சீட்டுக் கிழித்துக் கொடுப்பது அவர் வேலை. மீசையும் தலையும் வெளுத்திருப்பது வயசாலா கல்தூசியாலா என்பது அவர் குளித்துவிட்டு வந்தால்தான் தெரியும். அப்பேர்ப்பட்ட மனுஷர் எழுதியது குடும்பக் கதையோ பேய்க் கதையோ இல்லை. கடவுள் மாதிரிப்பட்ட சில பேர் ஆகாசத்திலிருந்து இறங்கி, அரியலூர் கடலாகக் கிடந்த காலத்தில் அந்தக் கடலுக்கடியில் குடியிருந்தார்கள் என்கிற விஞ்ஞானக் கதை. அதையும் ஒன்றோடு விட்டாரா என்றால் இல்லை, மூன்று பாகம். கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் மூன்றாம் பாகம் எழுதப்பட்ட விதம் தெரிந்தவர்கள் யாரும் சிரித்ததில்லை.

அந்தக் கதைக்கு விதை போட்டது அவருடைய ஒரே மகன் கொளஞ்சி. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரை வேண்டிப் பிறந்த பிள்ளை என்பதால் அந்தப் பேர். பத்து வயசில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனவன், கல்குழியில் ஒரு சுருட்டைக் கல்லைப் பொறுக்கி வந்தான். நத்தை மாதிரி சுற்றிச் சுற்றி உள்ளே போகும் கல். அந்தப் பக்கத்துக் குழிகளில் அது எத்தனையோ கிடக்கும். கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுப்பார்கள். கொளஞ்சி அதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்குள்ள யாரோ சுருண்டு படுத்திருந்துருக்காங்கப்பா. எழுந்திரிச்சுப் போயிட்டாங்க" என்றான். ஆராய்ச்சிக்கு வந்த ஆபீசர்கள், இந்த ஊரே ஒரு காலத்தில் கடல் என்று பேசிக்கொண்டதை இராமலிங்கம் கேட்டிருந்தார். இரண்டும் சேர்ந்துகொண்டது. படுத்திருந்தவர்களுக்குச் சுருளர் என்று பெயர் வைத்ததும் கொளஞ்சிதான்.

முதல் பாகம் எழுபத்தெட்டில் வந்தது. திருச்சியில் மாத நாவல் போடுகிற ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது. அதில் கல் உடைக்கிற ஒருவன், கல்லுக்கடியில் இன்னும் குடியிருக்கிற சுருளர்களிடம் மாட்டிக்கொள்வான். கை கூப்பி, "என்னய வூட்டுக்கு அனுப்பி வைங்க" என்பான். புத்தகம் வந்து பார்த்தால், "என்னை வீட்டிற்கு அனுப்பி வையுங்கள்" என்று இருந்தது. பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவர் பஞ்சநாதன் என்ற புலவர். வழு என்று பட்டதை விட மாட்டார். இராமலிங்கம் போனால் போகிறதென்று இருந்துவிட்டார். பதினாலு வயசுக் கொளஞ்சி விடவில்லை. எழுத்தாளருக்கென்று வந்த பத்துப் பிரதிகளையும் மடியில் போட்டுக்கொண்டு, பென்சிலால் 'வீட்டிற்கு' என்பதை அடித்து 'வூட்டுக்கு' என்று எழுதினான். வூவன்னாவின் வாலை மட்டும் அந்தச் சுருட்டைக் கல் போல இரண்டு சுற்றுச் சுற்றி முடித்தான்.

"ஏன்டா, ஒரு எழுத்துத்தானேடா?" என்றார் அப்பா.

"வீடு வேறப்பா, வூடு வேற. வீடு பாடப் புத்தகத்துல வர்றது. நம்ப இருக்கறது வூடு."

அம்மா செங்கமலம் அடுப்படியிலிருந்து, "அப்பனும் மவனும் ஒண்ணாச் சேந்துட்டீங்கன்னா எனக்குப் பேச்சுத் தொணைக்கு ஆள் இல்ல" என்று அலுத்துக்கொண்டாள். அந்த அலுப்பில் உள்ள சந்தோஷம் தெருவுக்கே தெரியும்.

இரண்டாம் பாகம் எண்பதில் வந்தது. பெரிய சுருளர் தன் சுருளுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதோடு அது முடிந்தது. அன்றிலிருந்து கொளஞ்சி அரித்து எடுத்தான். "அப்புறம் என்னப்பா ஆச்சு? உள்ள என்ன பண்றாரு?" அப்பா நாற்பது பக்கம் எழுதினால், மை காயும் முன் எடுத்துப் படித்துவிடுவான்.

எண்பத்திரண்டு ஜூன் மாசம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. கொளஞ்சி கணக்கில் போய்விட்டான். பேப்பரில் நம்பரைத் தேடித் தேடிப் பார்த்த இராமலிங்கத்துக்குத் தலைக்குமேல் ஏறிவிட்டது. சாதுவுக்குக் கோபம் வந்தால் அதற்கு அளவு தெரியாது. நேரே போய் மூன்றாம் பாகத்தின் நாற்பது பக்கத்தையும் எடுத்தார். வெந்நீர் அடுப்பில் சொருகினார். "இந்தக் கதப் பைத்தியத்தாலதான்டா நீ உருப்படல" என்றார். மகன் ஓடிப்போய் எரிகிற காகிதத்தை இழுத்தான். கை சுட்டுக்கொண்டது. அதைப் பார்த்தும் அவர் வாய் நிற்கவில்லை.

"போடா! இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காத!"

கொளஞ்சி சட்டையை மாட்டிக்கொண்டு போனான். சாயங்காலம் பசித்தால் வருவான் என்று செங்கமலம் குழம்பை மூடி வைத்தாள். வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அதற்கப்புறம் அந்த மனுஷர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் மூன்று நாள் நின்றார். அரும்பாவூரில் மச்சான் வீட்டில் தேடினார். சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தைப் பார்க்க ஒரு பையன் தினமும் வருகிறான் என்று யாரோ சொல்ல, வேகாத வெயிலில் அங்கே ஓடினார். அது வேறு யார் பெற்ற பிள்ளையோ. பள்ளிக்கூட குரூப் போட்டோவை வெட்டிப் பேப்பரில் போட்டார். எங்கிருந்தாலும் வரவும், உன்னை யாரும் எதுவும் சொல்ல மாட்டோம், அம்மா கவலைக்கிடம். போட்ட அன்றே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. ஏனென்றால் அந்த மாதிரி விளம்பரங்களை ராகம் போட்டுப் படித்து, "அது எப்புடிப்பா எல்லாருக்கும் அம்மா கவலைக்கிடமாவே இருக்காங்க?" என்று சிரித்தவன் கொளஞ்சி. அம்மா இந்தத் தடவை நிஜமாகவே சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

செங்கமலம் தன் வழியில் போனாள். மணவாளநல்லூர் கோயிலில் சாமிக்குப் பிராது கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். கோர்ட்டில் மனுப் போடுகிற மாதிரி, பேர், ஊர், குறை எல்லாம் காகிதத்தில் எழுதிக் கட்டிவிட்டு வரவேண்டும். கோயிலிலிருந்து நம் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் சொல்ல வேண்டும், சாமி வந்து விசாரிக்க வேண்டுமே. காரியம் நடந்தால் மறுபடி போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். எதிரி பேர் என்று ஏதாவது உண்டா என்று அங்கே எழுதிக் கொடுத்தவர் கேட்டதற்கு அவள், "இராமலிங்கம்னு எழுதுங்க, எம் வூட்டுக்காரருதான்" என்றாள். பக்கத்தில் நின்ற இராமலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். தொண்ணூறு நாளுக்குள் சாமி தீர்த்துவைப்பார் என்பது கணக்கு. தொண்ணூறும் போனது.

அப்புறந்தான் அவருக்கு அது தோன்றியது. மகன் எந்த ஊரில் இருந்தாலும் புத்தகக் கடையைப் பார்த்தால் நிற்காமல் போக மாட்டான். மூன்றாம் பாகம் வந்திருந்தால் கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் வைக்க மாட்டான். அவனுக்குக் கடிதம் போட விலாசம் இல்லை; ஆனால் அந்தக் கடைசிப் பக்கம் ஒரு விலாசம். எடைமேடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில், லாரிக்கும் லாரிக்கும் நடுவில், மூன்றாம் பாகத்தை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்.

சுருளர்கள் பூமியை விட்டுக் கிளம்புகிற கதை அது. பெரிய சுருளர் கடலை மலையாக்குவார், மலையைக் கடலாக்குவார். அவர் வாயால் சொன்னது நடந்தே தீரும். அவருடைய கடைக்குட்டி ஒரு தப்புச் செய்துவிடுகிறான். கோபத்தில் அவர், "என் கண்ணிலேயே படாதே" என்று சொல்லிவிடுகிறார். சொன்னது பலித்துவிடுகிறது. பிள்ளை மனுஷக் கூட்டத்தில் கலந்து போகிறான். உலகத்தில் ஒரு கூழாங்கல் விடாமல் எல்லாமும் தெரிகிற கண்ணுக்கு அவன் மட்டும் தெரிய மாட்டேன் என்கிறான். மற்றச் சுருளர்கள் போய்விட்டார்கள். இவர் மட்டும் ஊர் ஊராய், குருடர் போல, கூப்பிட்டுக்கொண்டு திரிகிறார். மூன்று பாகத்திலும் செந்தமிழ் தவிர வேறு பேசாத பெரிய சுருளர், கடைசி வரியில் வாயைத் திறந்து சொல்கிறார்: "வூட்டுக்கு வந்துருடா."

பதிப்பக முதலாளி பாலசுந்தரம் நல்ல மனுஷர்தான். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கத நல்லாருக்கு சார். ஆனா கடவுள் மாதிரி ஆளுங்கறீங்க. சொன்ன சொல்ல ஒரு தடவ வாபஸ் வாங்கிக்க முடியாதா அவரால?"

"முடியலைங்களே சார்," என்றார் இராமலிங்கம். துண்டை வாயில் வைத்துக்கொண்டார். பாலசுந்தரத்துக்கு விஷயம் தெரியும். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். "கடைசி வரியில மட்டும் கை வச்சிராதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வந்தார் இராமலிங்கம்.

எண்பத்து மூன்று மார்ச்சில் புத்தகம் தபாலில் வந்தது. கட்டைப் பிரித்தவர் கடைசிப் பக்கத்துக்குப் போனார். "இல்லம் திரும்புக, மைந்தனே!" என்று அச்சாகியிருந்தது. ஆச்சரியக்குறி வேறு.

அன்றைக்கே விடுப்புச் சொல்லிவிட்டுத் திருச்சிக்கு ரயில் ஏறினார். பாலசுந்தரம் கையைப் பிசைந்தார். முதலாளி வெளியூர் போயிருந்த நாளில் புரூஃப் வந்திருக்கிறது, புலவரிடம் யாரும் சொல்லவில்லை. ஓரத்து மேசையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பஞ்சநாதன்.

"ஐயா, மூன்று நூல்களிலும் பிழையின்றிப் பேசிய பெருமகனார், முடிவில் போய்க் கொச்சையாகப் பேசலாமா? தங்கள் பெயர் கெட்டுவிடுமே என்றுதான் திருத்தினேன்."

"புலவரே, உங்களுக்குப் புள்ள இருக்கா?"

"இரண்டு பேர்."

"ரெண்டு பேரையும் எந்தத் தமிழ்ல கூப்புடுவீங்க?"

இராமலிங்கம் அழுதபடியே சொன்னார்: "எம் மவன 'வூடு'ங்கற இந்த வார்த்தையச் சொல்லித்தான் தொரத்துனேன் ஐயா. இதே வார்த்தையச் சொல்லித்தான் கூப்புடணும். 'இல்லம்'னு போட்டா அது யாரோ யாரையோ கூப்புடுறதுன்னு போயிருவான் ஐயா." புலவர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்து என்ன செய்ய? ஆயிரம் பிரதியும் கடைகளுக்குப் போயாகிவிட்டது. மாத நாவலுக்கு மறுபதிப்பு கிடையாது.

ஆனால் மனுஷர் விடவில்லை. சிவப்பு மைப் பேனா ஒன்று வாங்கினார். வார லீவு நாளெல்லாம் கிளம்பிவிடுவார். அரியலூர் ஸ்டேஷன், லால்குடி, திருச்சி ஜங்ஷன், விருத்தாசலம். பஸ் ஸ்டாண்டு என்றால் பெரம்பலூர், ஜெயங்கொண்டம். கடையில் புத்தகம் இருந்தால் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அச்சான வரியை அடித்துவிட்டுத் தன் வரியை எழுதுவார். நான்தான் எழுதினவன் என்று சொன்னால் சிலர் நாற்காலி போட்டார்கள். சிலர், "யோவ், விக்கிற பொருள்ல கிறுக்குறியா?" என்று சட்டையைப் பிடித்தார்கள். ஜெயங்கொண்டத்தில் ஒருவன் முதுகில் கை வைத்துத் தள்ளியே விட்டான். விழுந்து எழுந்து, அந்தக் கடையில் பாக்கி இருந்த இரண்டு பிரதிக்காக மறுவாரமும் போனார். வீட்டுக்கு வந்தால் செங்கமலம் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "இன்னிக்கு எத்தன?" அவர் சொல்வார். அவள் பேச்சை முடித்துக்கொள்வாள். அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

மே மாசம் மூன்றாவது வாரம் விழுப்புரம் போனார். ஸ்டேஷன் புத்தகக் கடையில் பழைய மாத நாவல்களைக் கீழ்த்தட்டில் குத்தி வைத்திருந்தார்கள். சுருளர் நாலு பிரதி கிடந்தது. கடைக்காரரிடம் சொல்லிவிட்டுக் குந்தி உட்கார்ந்து திருத்தினார். ஒன்று. இரண்டு. மூன்றாவதைப் புரட்டியவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

'இல்லம்' என்ற சொல் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே 'வூடு' என்று எழுதியிருந்தது. வூவன்னாவின் வால் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

அவர் அந்த எழுத்தைத் தொட்டார். வாங்கக் காசில்லாமல் நின்றபடியே படித்திருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது. போட்டோவைக் காட்டிக் கடைக்காரரை உலுக்கினார். "பாத்த மாதிரியும் இருக்கு, பாக்காத மாதிரியும் இருக்குண்ணே. ஒரு நாளைக்கு நூறு பேரு வந்து பொரட்டுறாங்க" என்றார் அவர். இராமலிங்கம் நாலு பிளாட்பாரத்தையும் சுற்றினார். வெயிட்டிங் ரூம், டீக்கடை, சைக்கிள் ஸ்டாண்டு எல்லாம் பார்த்தார். சாயங்கால வண்டிக்கு நேரமாயிற்று.

அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். எடுத்துப் போனால் செங்கமலம் மகனின் கையெழுத்தைப் பார்ப்பாள், ஒரு வாய் சோறு இறங்கும். விட்டுப்போனால் அவன் மறுபடி வந்து பார்க்கலாம். கடைசியில் பென்சில் எழுத்துக்குக் கீழே எழுதினார்: 'சாமி, நான் சொன்னதுதான்டா பெரிய பிழை. அடிச்சிட்டேன். வூடு உன்னுது. வந்துரு. அப்பா.' இருந்த இடத்திலேயே செருகிவைத்தார். கடைக்காரரிடம் அரியலூர் விலாசத்தை எழுதிக் கொடுத்து, இந்த ஒரு பிரதியை மட்டும் மேலே கீழே மாற்றிவிடாதீர்கள் என்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

செங்கமலம் கேட்டுவிட்டு எழுந்து நின்றாள். "எடுத்தாராம வந்துட்டீங்களா? எம் புள்ள கையெழுத்த நான் பாக்க வேணாமா?" என்று கத்தினாள். அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "வச்சிட்டு வந்ததுதான் சரி," என்றாள். "அடுத்த லீவுக்கு நானும் வரேன்."

அடுத்த லீவுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் போனார்கள். வழியில் விருத்தாசலத்தில் வண்டி நின்றபோது, செங்கமலம் மணவாளநல்லூர் இருக்கும் திசையைப் பார்த்து, "என் பிராது இன்னும் அங்கதான் தொங்குது, மறந்துறாதப்பா" என்றாள். இராமலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விழுப்புரத்தில் கீழ்த்தட்டில் மூன்று பிரதிதான் இருந்தது. இராமலிங்கம் மூன்றையும் உருவிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார், பென்சில் எழுத்து எதிலும் இல்லை.

"அத வித்துட்டேன்ணே," என்றார் கடைக்காரர். "வெள்ளிக்கெழம. வண்டி நின்ன நேரம், செமக் கூட்டம். ஒரு பையன் அந்த ஒண்ண எடுத்து நின்னுக்கிட்டே படிச்சான். அப்புறம் காச எண்ணிக் குடுத்தான். கிறுக்குன காப்பிப்பா, நல்லது தரேன்னேன். வேணாம்ணே, இதுதான் வேணும்னுட்டான். எண்ணறப்பத்தான் பாத்தேன், வலது கையில சுட்ட தழும்பு. நீ யாருன்னு கேக்கறதுக்குள்ள போயிட்டான்."

"எந்த வண்டிங்க? மெட்ராஸ் வண்டியா, திருச்சி வண்டியா?"

"ரெண்டும் நின்னுச்சுண்ணே. கவனிக்கல."

இராமலிங்கம் தண்டவாளத்தின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். ஒரு பக்கம் மெட்ராஸ். ஒரு பக்கம் அரியலூர்.

செங்கமலம் கடைக்காரரிடம் நெருங்கினாள். "மூஞ்சி சாப்புட்ட மூஞ்சியா இருந்துச்சாங்க?"

"ஒல்லியாத்தாம்மா இருந்தான்."

அவள் திடுக்கென்று புருஷன் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, கெளம்புங்க. வூட்டப் பூட்டிட்டுல வந்துருக்கோம்! அவன் வந்து பூட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போயிரப் போறான்!"

அரியலூர் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. இருவரும் ஓடிப்போய் ஏறினார்கள். உட்கார இடம் கிடைத்தும் செங்கமலம் உட்காரவில்லை. அரியலூர் வரும்வரை வாசலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தாள். வீட்டுச் சாவியைக் கையிலேயே வைத்திருந்தாள்.